எப்போதும் இருபத்தைந்து

"யூஜின் அண்ணே, வீட்டுக்குள்ள மஞ்சு எறங்குது"
என்றான் வேலப்பன் பூம்பாறையிலிருந்து,
விடிகாலை நாலேமுக்காலுக்கு.

ஜன்னல் சாத்தியிருக்கா?
சாத்தித்தான் இருக்கு.
என்ன வாசனை?
பேரிக்காய் அழுகுனாப்ல. கொஞ்சம் இனிப்பா.

வெளியே வா. பிள்ளையைத் தூக்கு. நாகஜோதியை எழுப்பு.
பேட்டரியைத் தொடாதே. பூண்டை விடு.
பூண்டை விடுடா.

பூண்டு அந்த அறையில்தான் தொங்கியது,
பரண்கழியில் கொத்துக்கொத்தாய்,
விலை ஏறட்டும் என்று வைத்திருந்த மொத்த வெள்ளாமையும்.
அதற்கு நேர் கீழே
நான் கட்டிக்கொடுத்த பேட்டரி.

ஐம்பத்திரண்டு செல்.
மதுரையில் செத்த லேப்டாப்களின் வயிற்றைக் கீறி
கிலோக் கணக்கில் விற்பார்கள்.
வோல்ட் பார்த்துப் பொறுக்கி, நிக்கல் பட்டை வைத்துச் சுட்டு,
நீலத் தாளைச் சுற்றிச் சூடுகாட்டிச் சுருக்கியதும்
புதுசு மாதிரிதான் இருந்தது.

குற்றம் அங்கே இல்லை.
அங்கேயும் இருக்கலாம்.

அரிசி அளவில் ஒரு சென்சார் உண்டு.
செல்களின் இடுக்கில் படுத்துக்கொண்டு
குளிருது, சுடுது என்று பலகைக்குச் சொல்வது.
அன்றைக்குக் கையிருப்பில் இல்லை.
திண்டுக்கல்லிலிருந்து வர மூன்று நாளாகும்.
வேலப்பனோ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று
மூஞ்சிக்கல் கடைவாசலில் ஒற்றைக் காலில் நிற்கிறான்.
சென்சார் இருக்கவேண்டிய இடத்தில்
பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன்.
ஒன்றரை ரூபாய்.
அதற்கப்புறம் அந்தப் பலகைக்கு
எப்போதும் இருபத்தைந்து டிகிரி.

தை மாதம். பூம்பாறைப் புல்லெல்லாம் வெள்ளை.
கொட்டகையில் விறைத்துக் கிடந்த பேட்டரியை
இரவிரவாகச் சார்ஜில் போட்டிருக்கிறான்.
இருபத்தைந்து என்றது பலகை.
உறைகுளிரில் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாது,
வாசலிலேயே ஊசி ஊசியாய்ப் படியும்,
புல்நுனியில் பனி முளைக்கிற மாதிரி.
புல்லில் உள்ளது பத்து மணி வெயிலுக்குப் போய்விடும்.

பாவம், குளிருமே என்று
அன்று ராத்திரிதான் அதை உள்ளே கொண்டுவந்து
சாக்குப் போர்த்தியிருக்கிறான்.
சாக்குக்குள் செல் கொதித்து வாய் பிளந்தபோதும்
இருபத்தைந்து.

போனை அணைக்காமல் ஓடியிருக்கிறான்.
எனக்குக் கேட்டது.
ஒரு வெடி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு, மூன்று, சேர்ந்தாற்போல்.
ஒன்றின் சூடு பக்கத்ததை எழுப்பும்,
அது அடுத்ததை.
முப்பதுவரை எண்ணினேன்.
ஒரு நாய் குரைத்ததில் கணக்கு விட்டுப்போயிற்று.

யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு சுவர், ஒரு பரண்.
கருகாத பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றினான்.
முகர்ந்து பார்த்துவிட்டு
மூட்டையை அவிழ்த்தபடியே திருப்பிவிட்டார்கள்.

நேற்று கடைக்கு வந்தான்.
"நல்லவேளைண்ணே, நீங்க போன் எடுத்தீங்க" என்றான்.
கல்லாமேல் ஒரு கொத்துப் பூண்டை வைத்தான்,
மேல்வரிசை, தீ தொடாததாம்.
என்னதாண்ணே ஆச்சு என்று கேட்டபோது
கரண்டு கூடக்குறைய வந்திருக்கும் என்றேன்.
இருபத்தைந்து என்று சொன்ன மாதிரி
அவ்வளவு நிதானமாகச் சொன்னேன்.

அவன் போனதும் நோட்டைப் புரட்டினேன்.
அதே ரெசிஸ்டர் வைத்தவை இன்னும் ஒன்பது.
எட்டுப் பேர் எடுத்துவிட்டார்கள்.
சார்ஜைப் பிடுங்குங்க, வீட்டைவிட்டுத் தள்ளி வைங்க,
நான் வந்து எடுத்துக்கிறேன், காசு திருப்பித் தர்றேன்.
ஒன்பதாவது மன்னவனூர்.
நேற்றும் இன்றும் தொடர்பு எல்லைக்கு வெளியே.

மணி ஏழு. கடைசி பஸ் போய்விட்டது.
பைக்கின் டேங்கைத் தட்டிப் பார்க்கிறேன்.
இந்நேரம் அங்கே புல் வெளுக்கத் தொடங்கியிருக்கும்,
யாரோ ஒருவர் ஒயரைக் கையில் எடுத்திருப்பார்.

பூம்பாறை போகிற வழியில்தான்.
போகும்போது நிற்க நேரமில்லை.
திரும்பும்போது நிற்கவேண்டும்.